மனையியல் அலுவலர் இடெல்லா கிரம்ப்டன்

இப்போது டன்மோர் கவுண்டியில், இந்த மாவட்டம் முழுக்க, மிஸ் இடெல்லாவைப் பிடிக்காதவர்கள் என்று யாருமே கிடையாது. போன வசந்தத்தில் வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். மேடை ஏறிய ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொல்லித்தான் இறங்கினார்கள். "கறுப்பு, வெள்ளைன்னு பாக்காம அந்தக் காலத்துலேயே நாம அவங்களைத் தலைமேல வெச்சுக் கொண்டாடினோம்" என்று ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகினார். அவர் பெயர் டேல் பீவி. அவருடைய தாயார் வீட்டு வாசலில் நான் நின்றிருக்கிறேன். அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வராமல் இருந்திருந்தால் கையிலிருந்த எலுமிச்சைச் சாறு அந்த மனிதரின் சட்டையில்தான் போயிருக்கும்.

கொண்டாடினார்களாம். எப்படிக் கொண்டாடினார்கள் என்று நான் சொல்கிறேன். என் பெயர் லூவீனியா. மிஸ் இடெல்லா தொடங்கிய மாதர் மன்றத்தில் கடைசிவரை இருந்தவள். அவர் வீட்டிலேயே வாழ்ந்தவள். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இடெல்லா கிரம்ப்டன் பக்கத்துக் கவுண்டியில், அடுத்தவர் நிலத்தில் பருத்தி போட்ட வாரக் குடித்தனத்தில் பிறந்தவர். டஸ்கீகியில் கறுப்பர் கல்லூரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே மனையியல் படித்தார். 1944-இல் எங்கள் கவுண்டிக்கு மனையியல் அலுவலராக வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குக் காய்கறி பதப்படுத்தவும், கோழி வளர்க்கவும், பஞ்சு மெத்தை தைக்கவும், ஜன்னலுக்கு வலை அடிக்கவும் கற்றுத்தர வேண்டும். வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஓர் அலுவலர், கறுப்புப் பெண்களான எங்களுக்கு ஓர் அலுவலர். அவர்களுடைய அலுவலகம் கோர்ட் கட்டடத்தில், மின்விசிறியோடு இருந்தது. எங்களுடையது சவப்பெட்டிக் கடைக்கு மேலே. வெளிப்பக்க மரப்படியில் ஏறிப் போக வேண்டும். மழை பெய்தால் படி வழுக்கும்.

நான் அவரை முதலில் பார்த்த வருஷம் என் மூத்த மகள் ரோசெட்டா கைக்குழந்தை. நானும் என் கணவர் ஆமோஸும் கேல்வின் ஸ்ட்ராட் என்பவரின் நிலத்தில் இருந்தோம். அவர் பருத்தியை எங்கள் வாசற்படிவரை நட வைத்திருந்தார். கதவைத் திறந்தால் காலில் பருத்திச் செடி இடிக்கும். ஒரு கீரைப் பாத்தி போட இடம் கிடையாது. சோளமாவும் உப்புப் பன்றிக்கொழுப்பும்தான் காலையும் மாலையும். பிள்ளைக்கு வாயோரம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. பழைய பிளிமத் காரில் மிஸ் இடெல்லா வந்து இறங்கினார். பின்சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் பெரிய பிரஷர் குக்கர் உட்கார்ந்திருந்தது. பிள்ளையின் வாயைப் பார்த்தார். வாசலில் நின்ற பருத்தியைப் பார்த்தார்.

"தோட்டம் எங்க போட்டிருக்கீங்க, சிஸ்டர்?"

"எங்க போடுறது? நிலம் அவரோடது. என் காலடியே அவரோடதுதான்."

"ஏறுங்க வண்டியில" என்றார்.

ஸ்ட்ராட் வீட்டின் பின்வாசலில் போய் நின்றோம். முன்வாசலுக்கு நாங்கள் போவது அப்போது நினைக்கவே முடியாதது. அவர் வாயில் பல்குச்சியோடு வந்தார்.

"நீ யாரு? புதுசா வந்திருக்கிற அந்த டீச்சரா?"

"மனையியல் அலுவலர், ஐயா. உங்க ஆளுங்க வீட்டைச் சுத்தி அரை ஏக்கர் விட்டீங்கன்னா அவங்க காய்கறி போட்டுக்குவாங்க. பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்ல."

"பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட போ. எங்கிட்ட ஏன் வர்ற?"

மிஸ் இடெல்லா குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "பசியில இருக்கிறவன் பருத்தி எடுக்கிறதும் வயிறு நிறைஞ்சவன் எடுக்கிறதும் ஒண்ணில்ல, ஐயா. போன வருஷம் உங்க ஆளுங்க எத்தனை பேரு காய்ச்சல்ல படுத்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க."

அப்போதுதான் ஸ்ட்ராட் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். கால் ஏக்கர் கிடைத்தது. நான் வண்டியில் சந்தோஷத்தில் அழுதேன். மிஸ் இடெல்லா அழவில்லை. ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார்.

"அவன் லாபத்தைச் சொல்லித்தான் நம்ம பிள்ளையோட வாய்ப்புண்ணைப் பேச வேண்டியிருக்கு, பாத்தீங்களா சிஸ்டர்! அதுவும் கெஞ்சி!"

அந்தக் கால் ஏக்கரில் தட்டப்பயறு, வெண்டைக்காய், தக்காளி, சர்க்கரைவள்ளி எல்லாம் வந்தன. சபைக் கட்டடத்தின் பின்கொட்டகையில் நாங்கள் கூடி ஜாடிகளில் அடைத்தோம். முதல்நாள் பிரஷர் குக்கர் உஸ்ஸென்று சீறியதும் பாதிப்பேர் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். "இது வெடிச்சா நான் நேரா பரலோகம்தான். பாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க, பிரசங்கம் சுருக்கமா இருக்கட்டும்னு" என்று ஒருத்தி கத்தினாள். மிஸ் இடெல்லா சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது. குளிர்காலத்தில் எங்கள் அடுக்களை அலமாரியில் சிவப்பும் பச்சையுமாக ஜாடிகள் நின்றன. ரோசெட்டாவின் வாய்ப்புண் ஆறியது. கவுண்டியின் மூலைமுடுக்கிலெல்லாம் மன்றம் வந்தது. பிள்ளைகளுக்குப் பண்ணைவேலையும் வீட்டுவேலையும் பழக்கும் ஃபோர்-ஹெச் மன்றம் வந்தது. பையன்கள் பன்றி வளர்த்தார்கள், பெண்பிள்ளைகள் உடுப்புத் தைத்தார்கள்.

ஒன்று மட்டும் வரவில்லை. ஃபோர்-ஹெச் பிள்ளைகளுக்கென்று ஏரிக்கரையில் ஒரு கோடை முகாம் இருந்தது. மரவீடுகள், சாப்பாட்டுக்கூடம், சிமெண்ட் போட்ட நீச்சல்குளம் எல்லாம் உண்டு. எங்களுடைய வரியும் போட்டுக் கட்டியதுதான். ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். மிஸ் இடெல்லா ஒவ்வொரு வருஷமும் போய்க் கேட்பார். கவுண்டி அலுவலகத் தலைவர் கார்லைல் போட்ரைட் ஒவ்வொரு வருஷமும் "பாக்கலாம்" என்பார். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத் தரையில் கோணிப்பை விரித்துப் படுத்து, அதை முகாம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஆற்றுத் திருப்பத்தில் குளிக்கப் போய் அந்த வருஷங்களில் எங்கள் பிள்ளைகள் சிலர் முழுகிச் செத்தார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்க ஒரு குளம் இருந்தது. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

1965-இல் நிறப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் எங்கள் அலுவலகம்வரை வந்தது. இரண்டு அலுவலகங்கள் கூடாது, ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். சபையில் அன்று பாட்டு நிற்கவே இல்லை. மிஸ் இடெல்லா புதுத் தொப்பி வாங்கினார். நாங்கள் சில பெண்கள் அவருடைய சாமான்களைச் சவப்பெட்டிக் கடை மாடியிலிருந்து இறக்கிக் கோர்ட் கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முன்வாசல் வழியாகத்தான்.

போட்ரைட் நடைபாதையிலேயே நின்றார்.

"இடெல்லா, அங்க இல்ல. இந்தப் பக்கம்."

அவர் காட்டியது நகலெடுக்கும் அறை. மை உருட்டும் இயந்திரம், காகிதக் கட்டுகள், பழைய விதைப் பெட்டிகள். ஜன்னல் இல்லை. மூலையில் ஒரு பள்ளிக்கூட மேஜை போட்டிருந்தார்கள்.

"மனையியல் அலுவலரோட அறை முன்னாடி இருக்கே, ஐயா?" என்றார் மிஸ் இடெல்லா.

"அது மிஸ் டட்டிலோட அறை. மிஸ் டட்டில் இனிமே இந்தக் கவுண்டிக்கு மனையியல் அலுவலர். நீ அவங்களுக்குத் துணை. எங்க போறதுன்னாலும் அவங்களைக் கேட்டுட்டுப் போ."

மிஸ் ஜாய்ஸ் டட்டில் அப்போதுதான் கல்லூரி முடித்து வந்த பெண். கன்னத்தில் பருக்கள்கூட ஆறவில்லை. அறை வாசலில் வந்து நின்று, "ஹலோ இடெல்லா, உன்னைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள். உன்னை! மிஸ் இடெல்லா அந்தப் பெண்ணின் அம்மாவைவிட மூத்தவராக இருந்திருப்பார். எங்கள் ஊரில் அப்போது வெள்ளைக்காரக் குழந்தைக்குக்கூட மிஸ், மிஸ்டர் போட வேண்டும். எங்களில் தலை நரைத்தவருக்கும் வெறும் பெயர்தான்.

நான் தூக்கிவந்த குக்கரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். மிஸ் இடெல்லா புதுத் தொப்பியைக் கழற்றி விதைப் பெட்டிமேல் வைத்தார்.

"கீழ வைங்க, சிஸ்டர். கை வலிக்கும்" என்றார்.

இருபது வருஷத்துக்கு மேல் செய்த வேலை. அந்த வேலையை இனி அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சனிக்கிழமை வானொலியில் மிஸ் டட்டில் பீன்ஸ் பதப்படுத்துவதைப் பற்றிப் பேசுவாள். வார்த்தைக்கு வார்த்தை மிஸ் இடெல்லா சபைக் கொட்டகையில் எங்களுக்குச் சொன்னது. வானொலியில் யார் பெயர் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மன்றங்களில் கை வைத்தார்கள். இனிமேல் கவுண்டிக்கு ஒரே மாதர் மன்றம், எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று போட்ரைட் அறிவித்தார். ஆகவே கறுப்பர் மன்றங்கள் கலைக்கப்பட்டன. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! கூட்டம் எங்கே என்று பார்த்தால், கோர்ட் கட்டடத்தில் அல்ல, சபையில் அல்ல. மிசஸ் பீவி வீட்டு முன்னறையில். வீடு அவருடைய சொந்த இடமல்லவா, அங்கே சட்டம் வராதாம்.

"திறந்திருக்குன்னு சொன்னாங்க இல்ல? போய்ப் பாப்போம்" என்று நானும் இன்னும் இரண்டு பெண்களும் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, வெள்ளைக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு முன்வாசலில் மணியடித்தோம். மிசஸ் பீவி கதவைப் பாதி திறந்தார்.

"இன்னிக்கு வேலைக்கு ஆள் வேணும்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே?"

"வேலைக்கு வரலைங்க. கூட்டத்துக்கு வந்திருக்கோம்" என்றேன்.

"என்ன கூட்டம்?"

"மாதர் மன்றக் கூட்டம்."

"இங்க கூட்டம் எதுவும் இல்ல. சிநேகிதிங்க நாலு பேரு வந்திருக்காங்க."

அவர் தோளுக்கு மேலே எனக்கு அறை முழுவதும் தெரிந்தது. மடியில் கேக் தட்டோடு ஒரு கூடம் நிறையப் பெண்கள். நடுவில் மேஜை, மேஜைமேல் அத்திப்பழ ஜாடிகள். பக்கத்தில் கரண்டியும் கையுமாக மிஸ் டட்டில். அவள் என்னை நேராகப் பார்த்தாள். பிறகு கரண்டியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு மூடியது. எங்கள் பக்கத்தில் சின்னதாய் ஒரு டேல் பீவி சைக்கிளில் சுற்றிக்கொண்டு எங்களைப் பார்த்து நாக்கை நீட்டினான். அவன்தான் இப்போது மைக் பிடித்து உருகுகிறவர்.

மறுநாள் மிஸ் இடெல்லா போட்ரைட்டின் அறைக்குப் போனார். நான் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காதைத் தீட்டிக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை.

"கூட்டமே இல்லைன்னா உங்க அலுவலர் அரசாங்க நேரத்துல யாருக்கு அத்திப்பழம் கிளறிக்கிட்டு இருந்தாங்க?"

"இடெல்லா, குரலைத் தாழ்த்து."

"தாழ்த்த மாட்டேன். தாழ்த்தித் தாழ்த்தித்தான் அந்த நகல் அறை வரைக்கும் வந்திருக்கேன்!"

"இதோ பாரு, உனக்கு வேலை இருக்கு. சந்தோஷப்படு. மத்த கவுண்டியில அதுவும் போச்சு."

"முகாம் என்ன ஆச்சு? இந்தக் கோடையில எங்க பிள்ளைங்க போறாங்களா, இல்லையா?"

நாற்காலி கிரீச்சிட்டது. "முகாம் இந்த வருஷம் இல்ல. பழுது பாக்கிறோம்" என்றார் போட்ரைட்.

"எழுந்திருங்க சிஸ்டர், பழுது பாக்கிறதைப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லிக்கொண்டே மிஸ் இடெல்லா வெளியே வந்தார்.

ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். கம்பிவேலிக் கதவு திறந்து கிடந்தது. ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்று, நீச்சல்குளத்தில் செம்மண்ணைக் கொட்டியது. அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. ஓரத்தில் சில மண்மேடுகள் காத்திருந்தன. கொட்டி முடித்ததும் லாரிக்கார வெள்ளைக்காரன் இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்னத் தொடங்கினான்.

"என்ன செய்றீங்க?" என்று கேட்டார் மிஸ் இடெல்லா.

"குளத்தை மூடுறோம்."

"எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? மண்ணு கொட்டுன்னாங்க, கொட்டுறேன்." வாயைத் துடைத்துக்கொண்டான். "என் பசங்களும் இங்கதான் நீச்சல் கத்துக்கிட்டாங்க. கடைக்குட்டி இந்த வருஷம் வரேன்னு குதிச்சுக்கிட்டு இருந்தான்."

"அவன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அவன் மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டான்.

நான் எத்தனையோ அநியாயம் பார்த்திருக்கிறேன். அடி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளை காலை நனைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தங்கள் பிள்ளையின் குளத்தையே மண்போட்டு மூடியவர்களை நினைக்கும்போதுதான் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது. மிஸ் இடெல்லா வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பி வரும் வழியில் சொன்னார்:

"கேட்டுக் கேட்டு எனக்கு நாக்கு தேஞ்சுபோச்சு, சிஸ்டர். இனிமே இவங்ககிட்ட கேக்கமாட்டேன். ஜட்ஜ்கிட்ட கேக்கிறேன்."

மாநிலத் தலைநகர் மாண்ட்காமரியில் ஒரு கறுப்பு வழக்கறிஞர் இருந்தார். மற்றக் கவுண்டிகளிலும் இதேபோல் நகல் அறைக்கும் சாமான் அறைக்கும் தள்ளப்பட்ட அலுவலர்கள் இருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். நான் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டேன். அந்தச் செய்தி ஊரில் பரவிய வாரமே கேல்வின் ஸ்ட்ராட் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஆமோஸ், உன் பொண்டாட்டிக்குக் கோர்ட்டுக்குப் போக நேரம் இருக்கு போல. அப்ப என் பருத்திக்கு நேரம் இருக்காது. வீட்டைக் காலி பண்ணு."

"விளைச்சல் இன்னும் வயல்ல நிக்குதே, ஐயா" என்றார் என் கணவர்.

"அது என் வயல்."

நட்டது நாங்கள், களை பறித்தது நாங்கள். பஞ்சு வெடிக்கும் நேரத்தில் துரத்தினார். அந்தக் கால் ஏக்கர் தோட்டத்தையும் விட்டுவிட்டு, ஜாடிகளைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மிஸ் இடெல்லா வீட்டுக்குப் போனோம். அவர் தனியாள். பின்பக்கத்து இரண்டு அறைகளை எங்களுக்கு விட்டார். "என்னாலதானே உங்களுக்கு இந்தக் கதி" என்று அவர் ஒருநாள் சொன்னபோது ஆமோஸ் கையிலிருந்த சோளரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"உங்களாலயா? ஸ்ட்ராட்டாலன்னு சொல்லுங்க, மிஸ் இடெல்லா. பழியையும் நாமளே சுமக்கணுமா?"

ஆமோஸுக்கு மர அறுவை ஆலையில் வேலை கிடைத்தது. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அத்தனை வருஷமும் மிஸ் இடெல்லா அந்த ஜன்னலில்லாத அறைக்குத் தினமும் போய் வந்தார். அவரிடம் யாரும் பேசக் கூடாது என்று போட்ரைட் சொல்லியிருந்தாராம். தட்டெழுத்துக்காரிகள் அவர் வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். சாப்பாட்டு வேளையில் அவர் காரில் உட்கார்ந்து சாப்பிடுவார். விலகிவிட்டால் வழக்கும் செத்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

விசாரணை வந்தபோது நான் மாண்ட்காமரிக்குப் போனேன். போட்ரைட் நீல சூட் போட்டுக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறி, பைபிளின்மேல் கை வைத்தார்.

"நாங்க யாரையும் தாழ்த்தலை. இடெல்லாவுக்கு அந்த அறைதான் வசதியா இருந்தது. அமைதியான இடம். அவ ஒருநாளும் குறை சொன்னதே இல்ல" என்றார்.

மிஸ் இடெல்லா சிரித்துவிட்டார். சபைக் கொட்டகையில் சிரித்ததுபோல் அல்ல. வறண்ட, உரத்த சிரிப்பு. நீதிபதி மேஜையைத் தட்டினார்.

அவர் முறை வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழைந்து பேசினார்.

"உங்க வேலையை நீங்க ரொம்ப நேசிச்சீங்க, இல்லையா?"

"ஆமாம்."

"துணை அலுவலரா இருந்தாலும் அதே வேலையைத்தானே செஞ்சீங்க?"

"அதே வேலையைத்தான் செஞ்சேன். அதனாலதான் வந்திருக்கேன். வேலையை நேசிக்கிறவளை எந்த மூலையில வேணும்னாலும் போட்டு வைக்கலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

மிஸ் டட்டிலையும் கூப்பிட்டார்கள். அதற்குள் கல்யாணமாகிப் பர்மிங்ஹாம் போயிருந்தாள். மிசஸ் பீவி வீட்டில் நடந்தது மன்றக் கூட்டம்தான், தான்தான் நடத்தினேன், கறுப்புப் பெண்கள் வாசலில் நின்றதைப் பார்த்தேன் என்று உண்மையைச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பாராட்ட வேண்டும் என்று சிலர் இன்றும் என்னிடம் சொல்கிறார்கள். நான் பாராட்ட மாட்டேன். அந்த வாயைக் கரண்டி பிடித்திருந்த அன்று திறந்திருக்கலாம். கோர்ட்டில் பொய் சொன்னால் சிறை. மிசஸ் பீவி வீட்டில் உண்மை சொல்லியிருந்தால் ஒரு கேக் தட்டுதான் போயிருக்கும்.

1971-இல் தீர்ப்பு வந்தது. எங்கள் பக்கம். மிஸ் இடெல்லாவும் மற்றவர்களும் பழைய பதவிக்குத் திரும்ப வேண்டும் என்றார் நீதிபதி. முன்னறை அவருடையதாயிற்று. அவர் அங்கே போன வாரமே மிசஸ் பீவியின் சிநேகிதிகள் மன்றத்தைவிட்டு மொத்தமாக விலகி, "மலர்ச் சங்கம்" என்று ஒன்றைத் தொடங்கிக்கொண்டார்கள். போட்ரைட் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். அவருக்கு விருந்து வைத்துத் தங்கக் கடிகாரம் கொடுத்தார்கள்.

முகாமை நீதிமன்றத்தாலும் மீட்க முடியவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே கவுண்டி அந்த இடத்தை ஒரு வேட்டைச் சங்கத்துக்குக் கைமாற்றிவிட்டிருந்தது. தனியார் நிலம் என்று பலகை வைத்துவிட்டார்கள். மிஸ் இடெல்லா எங்கள் சபைப் பேருந்தில் கோடைதோறும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டஸ்கீகி குளத்துக்குப் போவார். ரோசெட்டாவின் தம்பி தங்கைகள் அப்படித்தான் நீந்தக் கற்றார்கள்.

கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் பொதுச் சமையற்கூடம் ஒன்றைத் திறந்தார். யார் வேண்டுமானாலும் காய் கொண்டுவந்து பதப்படுத்தலாம். முதல் பருவத்தில் நாங்கள் மட்டும்தான் வந்தோம். இரண்டாம் பருவத்தில் ஒருநாள், ஆமோஸ் வேலை பார்த்த அறுவை ஆலைக் குடியிருப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரி இரண்டு கூடை பீன்ஸோடு வாசலில் வந்து நின்றாள். பெயர் நெல்டா. இடுப்பில் ஒரு பிள்ளை, காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை.

"உள்ள வரலாமாங்க?" என்றாள்.

மிஸ் இடெல்லா, "அதுக்குத்தானே கதவைத் திறந்து வெச்சிருக்கு" என்றார்.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அந்த மிசஸ் பீவி வீட்டுக் கூட்டமெல்லாம் எப்படி இருக்கும்? நீங்க போயிருக்கீங்களா?"

"வாசல் வரைக்கும் போயிருக்கேன்."

"நான் அதுவும் போனதில்ல. ஆலைக்காரங்களை அவங்க எப்பக் கூப்பிட்டாங்க?"

அன்று எனக்குக் கோபம் இன்னொரு பக்கமாகவும் திரும்பியது. எங்களோடு சேர்ந்து உட்கார வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஒத்துவராது என்று போட்ரைட்டின் ஆட்கள் கோர்ட்டில் சத்தியம் செய்தார்களே, இவளைக் கேட்டுத்தான் செய்தார்களா? நெல்டா மறுவாரம் தன் அண்டை வீட்டாரை அழைத்துவந்தாள். பிறகு அடுப்புக்கு வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

1976-இல் மிஸ் இடெல்லா ஓய்வு பெற்றார். அவருக்குத் தங்கக் கடிகாரம் எதுவும் வரவில்லை. அந்தப் பதவியைக் கவுண்டி நிரப்பவும் இல்லை. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். என் ரோசெட்டா அதே டஸ்கீகியில் மனையியல் படித்து, பக்கத்துக் கவுண்டியில் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். அவள் மூன்று தடவை மனுப் போட்டும் கூப்பிடவில்லை. கீழ்த்தளச் சமையற்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். நெல்டா பூட்டின்முன் கூடையோடு நின்றதாகச் சொன்னாள்.

மிஸ் இடெல்லாவுக்கு அப்போது முழங்கால் வீக்கம். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரோசெட்டா, "விடுங்க மிஸ் இடெல்லா, இந்தப் பள்ளிக்கூட வேலையே எனக்குப் போதும்" என்றாள்.

"உனக்குப் போதும். பூட்டு முன்னாடி நிக்கிறவளுக்கு?" என்றார் மிஸ் இடெல்லா. "நாளைக்கு லீவு போடு. மாண்ட்காமரி போறோம்."

போனார்கள். இந்தத் தடவை வழக்குப் போடவேண்டிய அவசியமே வரவில்லை. வழக்கறிஞர் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த வாரம் ரோசெட்டாவை நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். ஒரே ஒரு அழைப்பு! அந்த ஓர் அழைப்புக்கு அவர்கள் பயப்படுவதற்கு ஒரு பெண்மணி ஆறு வருஷம் ஜன்னலில்லாத அறையில் உட்கார வேண்டியிருந்தது. எங்கள் விளைச்சல் வயலோடு போக வேண்டியிருந்தது.

ரோசெட்டா வேலையில் சேர்ந்த அன்று மிஸ் இடெல்லா முன்னறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. கைத்தடியை ஊன்றிக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். பூட்டு துருப்பிடித்திருந்தது. ரோசெட்டா சாவியைப் போட்டு மல்லாடினாள். நெல்டா ஆலையிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை விட்டாள். கதவு திறந்ததும் எலிப்புழுக்கை நாற்றம் அடித்தது.

"இதுக்கு யாரு பொறுப்பு?" என்று மிஸ் இடெல்லா மாடியைப் பார்த்துக் கத்தினார். மேலே நடைபாதையில் யாரோ அவசரமாக நடந்துபோகும் சத்தம் கேட்டது. நாங்கள் நான்கு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு துடைப்பத்தைத் தேடினோம்.